உதவி கேட்டால் பாரமா? மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வீட்டில் எழும் மூன்று கேள்விகள்

வேலும் மயிலும் துணை.



இன்னைக்கு விரதம், தலபுராணம், திருவிழா பத்தி எழுதலை. கொஞ்சம் கனமான விஷயம். பொறுமையா படிங்க. இப்போ நேரம் இல்லைன்னா சேமிச்சு வெச்சு ராத்திரி படிங்க.

நம்மில் பலரும் இருபதுகளில் இருக்கிறவங்க. வீட்டில் அம்மாவுக்கு நாற்பத்தஞ்சு, ஐம்பது வயசு இருக்கும். அம்மாவுக்கோ, சித்திக்கோ, அத்தைக்கோ, சில சமயம் நம்ம அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் என்று எழுதின ஒரு காகிதம் திடீரென்று கைக்கு வந்து சேரலாம். இது அபூர்வமான விஷயம் இல்லை. இந்தியப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான். 2022-ஆம் ஆண்டு மட்டும் உலகம் முழுக்க சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் இருப்பது கண்டறியப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அந்தக் காகிதம் வந்த முதல் வாரத்தில் என்ன ஆபரேஷன், எவ்வளவு செலவு என்ற கேள்விகள் வரும். அதுக்கெல்லாம் டாக்டர் பதில் சொல்வார். ஆனால் டாக்டரிடம் கேட்காத மூன்று வாக்கியங்களும் அதே வாரத்தில் வீட்டுக்குள்ளே சுத்தி வரும்.

"நான் என்ன பாவம் பண்ணேன்?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"உங்களுக்கெல்லாம் பாரமா ஆயிட்டேன்."

இந்த மூன்றுக்கும் ஸ்கேனில் பதில் கிடையாது. நாமதான் யோசிக்கணும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "நான் என்ன பாவம் பண்ணேன்?"

நாம வினையை நம்புகிறவர்கள். அதனாலேயே இந்தக் கேள்வி நம்ம வீட்டில் ஆழமாக் குத்தும். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தர் வந்து, "எல்லாம் அவ கர்மா, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்று காபி குடிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போவார். படுத்திருக்கிற அம்மா காதில் அது விழும்.

முதலில் தெரிந்த விஷயத்தைச் சொல்லிடுவோம். வயது, குடும்பத்தில் சிலரிடம் வரும் மரபணு மாற்றம், உடல் பருமன், மது என்று இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டும் காரணங்கள் பல உண்டு. ஆனால் இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, பெண்ணாகப் பிறந்தது, வயசு நாற்பதைத் தாண்டியது என்ற இரண்டைத் தவிர வேறு எந்தக் காரணத்தையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்தவருக்கும் வருது. சைவம் மட்டுமே சாப்பிட்டவருக்கும் வருது. ஆண்களுக்குக்கூட வருது, நூற்றில் ஒரு பங்குக்குள். ஆகவே "நீ இதைச் செஞ்சே, அதனால இது வந்துச்சு" என்று யாரும் யாரையும் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்போ வினை என்பது பொய்யா? நான் அப்படிச் சொல்ல வரலை. வினை என்ற சொல்லை யார், யாரைப் பார்த்து, எதுக்காகச் சொல்றாங்க என்பதைக் கவனிங்க. ஒருத்தர் தனக்கு வந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்ள, "ஏதோ என் வினை, கடந்து போவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது அவருக்கு ஊன்றுகோல். அதே வாக்கியத்தை இன்னொருத்தர் தூக்கி அவர் மேல் போட்டால் அது கல். ஒருவருடைய வினைக்கணக்கு நம்ம கையில் இல்லை. கையில் இல்லாத கணக்கை வாசித்துக் காட்டுவதை ஞானம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கு. மலேரியாக் காய்ச்சல் வந்தால் "வினை" என்று சும்மா இருக்கோமா? மாத்திரை போடுகிறோம். கால் முறிஞ்சா கட்டுப் போடுகிறோம். புற்றுநோய்க்கு மட்டும் வினையை இழுத்து வருவது ஏன்? நமக்குப் பயம். அவங்க ஏதோ தப்பு செய்ததால் வந்தது என்று நம்பினால், தப்பு செய்யாத எனக்கு வராது என்று ஒரு தைரியம் கிடைக்குது. நம்ம தைரியத்துக்காக அவங்களைக் குற்றவாளி ஆக்கிடுறோம்.

சிலர் உடனே அருணகிரிநாதர் கதையைச் சொல்வாங்க. தவறான வழியில் போனார், நோய் வந்தது என்று. சரி, அந்தக் கதையை முழுசாச் சொல்லுங்க. வாழ்க்கை வெறுத்துப் போய்த் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிப் பிடித்தான் என்றுதானே கதை போகுது? பிடித்த கை, கணக்குக் கேட்கவில்லை. "நீ இன்னின்ன செஞ்சே" என்று பட்டியல் வாசிக்கவில்லை. தாங்கியது, அதுக்கப்புறம் பாட வைத்தது. அந்தக் கதையில் நாம எடுத்துக்க வேண்டியது அந்தக் கையை.

2. "யார்கிட்டயும் சொல்லாதீங்க"

இதில் இரண்டு விதமான மறைப்பு இருக்கு. இரண்டும் வேற வேற.

முதல் வகை, நோயாளியிடமிருந்தே மறைப்பது. "அம்மா தாங்க மாட்டாங்க. சாதாரணக் கட்டின்னு சொல்லிடுவோம்." அன்பில்தான் செய்றாங்க. ஆனால் யோசிச்சுப் பாருங்க. அது அவங்க உடம்பு. மார்பகம் முழுசா எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிரியக்கம் கொடுப்பதா என்பதில் சில பேருக்குத் தேர்வு இருக்கும். அந்தத் தேர்வை அவங்களைக் கேட்காமல் மாமாவும் பெரியப்பாவும் உட்கார்ந்து முடிவு பண்ணலாமா? அதோடு, அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாலே புரிஞ்சிடும். புரிந்த பிறகு, பிள்ளைகள் வருத்தப்படக் கூடாதென்று அவங்க தெரியாத மாதிரி நடிப்பாங்க. அவங்களுக்குத் தெரியாது என்று நாம நடிப்போம். ஒரே வீட்டில் எல்லாரும் தனித்தனியா அழுதுக்கிட்டு இருப்போம்.

பக்குவமாகச் சொல்லலாம். ஒரே நாளில் எல்லாத்தையும் கொட்டணும்னு இல்லை. அவங்க எவ்வளவு கேட்கிறாங்களோ அவ்வளவு சொல்லலாம். பொய் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது வகை, ஊரிடமிருந்து மறைப்பது. இதில் முடிவு அவங்களோடது. தெருவுக்கெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நாமளும் அவங்க அனுமதி இல்லாம சொந்தக்காரங்க குழுவில் "அம்மாவுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள்" என்று பெயர் போட்டு அனுப்பக் கூடாது. நல்ல எண்ணமாகவே இருந்தாலும் கேட்டுவிட்டு அனுப்புங்க.

ஆனால் மறைப்பதற்கான காரணம் வெட்கமோ பயமோ என்றால், அதைப் பேசித் தீர்க்கணும். நம்ம ஊரில் அடிக்கடி வரும் பயம், "வீட்ல பொண்ணு இருக்கா, வெளிய தெரிஞ்சா வரன் வராது." மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையா வரும் மரபணு மாற்றத்தால் உண்டாவது நூற்றில் 5 முதல் 10 வரைதான். மீதி எல்லாம் அப்படி இல்லை. குடும்பத்தில் பல பேருக்கு, அல்லது ரொம்பச் சின்ன வயசில் வந்திருந்தால் டாக்டரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். அது பெண்ணின் பாதுகாப்புக்கான தகவல். அதை மறைத்தால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான்.

மறைப்பதற்கு விலையும் உண்டு. வசதியான நாடுகளில் இந்த நோய் வந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். இந்தியாவில் அது 66 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்ம பெண்களின் உடம்பு பலவீனமா? இல்லை. தாமதமாக வருகிறார்கள், சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். தாமதத்துக்குப் பணம், தூரம் என்று காரணங்கள் இருக்கு. அதோடு வெட்கமும் ஒரு காரணம். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை, "வலிக்கலையே, யார்கிட்ட போய்ச் சொல்றது" என்று ஆறு மாசம் அடக்கி வெச்ச அம்மாக்கள் நம்ம தெருவில் எத்தனை பேர்! ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கலை என்பது ஆறுதலுக்கான காரணம் இல்லை.

அந்த உறுப்பின் பெயரைச் சொல்லவே வீட்டில் கூச்சப்பட்டால், அவங்க எப்படி வாய் திறப்பாங்க? பையன்களே, இது உங்களுக்கும்தான். அம்மா உங்ககிட்டச் சொல்ல முடியாத ஒரு வார்த்தையால் அம்மாவை இழக்கக் கூடாது.

3. "உங்களுக்கெல்லாம் பாரமா ஆயிட்டேன்"

மூன்றிலும் கஷ்டமான கேள்வி இதுதான். வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் செஞ்சு பழகினவங்க, இப்போ செய்ய வெச்சுக்க வேண்டிய நிலைமை.

நாம உடனே சொல்ற பதில், "அதெல்லாம் ஒண்ணும் பாரமில்லம்மா." அன்பான பதில்தான். ஆனால் அவங்க நம்ப மாட்டாங்க. லீவு போடுறது, கடன் வாங்குறது, ராத்திரி தூங்காம வாந்தி எடுக்கும்போது பக்கத்தில் நிக்கிறது எல்லாத்தையும் அவங்க பார்த்துக்கிட்டுத்தானே இருக்காங்க. உண்மையான பதில் வேற. "பாரம்தான்மா. ஆனா தூக்க நாங்க இருக்கோம்."

இடும்பன் கதை நமக்குத் தெரியும். அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கி வந்தவன். அவனைவிடப் பலசாலி யாரு? ஆனால் இளைப்பாற இறக்கி வைத்த இடத்தில் மறுபடி தூக்க முடியலை. மலைமேல் நின்ற பாலகனோடு மோதி உயிரையும் விட்டான். அப்போ யார் வந்து கேட்டது? அவன் மனைவி இடும்பி. அவள் அழுது கேட்டதால்தான் அவனுக்கு உயிர் திரும்பியது என்று சொல்வார்கள். மலையைச் சுமந்தவனுக்கும் தனக்காகக் கேட்க இன்னொருத்தர் தேவைப்பட்டது. பழநி ஏறும்போது பாதி வழியில் இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறோம். அடுத்த முறை இடும்பியையும் நினைச்சுக்கோங்க.

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீங்க. இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பாங்க. தலையில் சுமையோடு தனியாகப் போகிறவர் அடுத்தவர் உதவி இல்லாமல் இறக்கி வெச்சு, கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, மறுபடி ஏத்திக்கிட்டுப் போகலாம். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவது நம்ம ஊர் வழக்கம். ஒரு பெண் இறக்க முடியாமல் போன சுமைக்காக, வழியில் போகிற எல்லாருக்கும் இறக்கி வைக்க ஓர் இடம்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அப்படி வந்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் பிறந்த முயற்சி 1954-இல் வெறும் 12 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையாக நின்றது. அடுத்த ஆண்டே அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் கண் மூடும் வரை அந்த நிறுவனத்தோடே வாழ்ந்தார். பணம் இல்லாதவர்களுக்கும் அங்கே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதில் கடைசி வரை உறுதியாக இருந்தார். ஒரு தங்கைக்காக எழுந்த சுமைதாங்கியில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் தங்கள் சுமையை இறக்கி வைத்திருக்கின்றன!

அதனால் அம்மாவிடம் சொல்லுங்க: உதவி கேட்பது தோல்வி இல்லை. எதிர்வீட்டு அக்காவுக்குப் பிரசவம் ஆனப்போ நீங்க பத்து நாள் ரசம் வெச்சுக் கொடுத்தீங்களே, அவங்களைப் பாரம்னு நினைச்சீங்களா? இல்லையே. இப்போ அவங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்க.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பாரம் என்று ஒத்துக்கொண்டால், அதை நியாயமாகப் பிரிச்சுக்கவும் வேணும். பெரும்பாலான வீடுகளில் மொத்தமும் ஒரு மகள் தலையில், இல்லை ஒரு மருமகள் தலையில் விழுது. அண்ணன் பணம் அனுப்பிட்டு ஒதுங்கிடுவார். அது நியாயம் இல்லை. யார் ஆஸ்பத்திரிக்குப் போறது, யார் சமையல், யார் ராத்திரி கண் முழிக்கிறது என்று உட்கார்ந்து பேசி எழுதி வைங்க. பார்த்துக்கிறவரும் மனுஷர்தான்.

வேண்டுதலும் வைத்தியமும்

நம்மகிட்ட மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிடுறேன். கீமோ நடக்கும் மாசத்தில் கந்த சஷ்டி வரும். அம்மா ஆறு நாளும் விரதம் இருப்பேன் என்பாங்க. திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கு வர்றேன்னு வேண்டியிருப்பாங்க.

கீமோ மருந்து இரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைக்கும். தொற்றை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும் அந்த நாட்களில் பெரும் கூட்டம் ஆபத்து. சாப்பிடாமல் இருப்பதும் அப்படித்தான், டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. கீமோ சமயத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், "காலைல பார்க்கலாம்" என்று இருக்காமல் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

அப்போ வேண்டுதல்? அம்மாவுக்காக நீங்க விரதம் இருங்க. அம்மாவுக்காக நீங்க நடங்க. ஒருத்தருக்காக இன்னொருத்தர் காவடி எடுப்பது நம்ம வழக்கத்தில் இருக்கிறதுதானே. அம்மா வீட்டில் விளக்கேத்தி ஒரு தடவை கவசம் கேட்டால் போதும். சிகிச்சைத் தேதியைத் தள்ளிப்போட்டுச் செய்யும் எந்த வேண்டுதலையும் அவன் கேட்டிருக்க மாட்டான் என்பது என் நம்பிக்கை.

அதே மாதிரி, "இந்த இலைச் சாறு 15 நாளில் புற்றுநோயைக் கரைக்கும்" என்று முருகன் படம் போட்டே செய்தி வரும். முள்சீத்தா, கோதுமைப்புல் சாறு என்று ஏதாவது ஒன்று. இவை புற்றுநோயைக் குணமாக்கும் என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்படவில்லை. வேறு மருந்து ஏதாவது எடுத்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீங்க. சில சேர்க்கைகள் கீமோ மருந்தின் வேலையையே கெடுக்கும். ஒரு பொய்யை நீங்க பகிர்ந்து, அதை நம்பி ஒருத்தர் மூணு மாசம் தாமதிச்சா, அதில் நமக்கும் பங்கு உண்டு. வினை என்ற சொல்லை இங்கே பயன்படுத்துங்க, பொருத்தமா இருக்கும்.

இனி, கையில் பிடிச்சுக்க சில விஷயங்கள்

• ரிப்போர்ட் வந்த அன்றே எல்லாம் முடிவாகணும்னு இல்லை. இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்க ஒரு வாரம் ஆனால் பொதுவாகத் தப்பில்லை. மாசக்கணக்கில் தள்ளுவதுதான் தப்பு.

• பயாப்ஸி முடிவில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று சோதனைகள் இருக்கும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை இவைதான் சொல்லும். பக்கத்து வீட்டம்மாவுக்குக் கொடுத்த மருந்து நம்ம அம்மாவுக்குக் கொடுக்கலையே என்று குழம்ப வேண்டாம். ஒரே பெயரில் பல விதமான நோய் இது.

• "ஊசி குத்தினா, கத்தி பட்டா பரவிடும்" என்பது பயம் மட்டுமே. பயாப்ஸி செய்யாமல் சரியான சிகிச்சை கிடையாது.

• இது தொற்று நோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளையைக் கொஞ்சலாம். வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் கதிரியக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவரிடம் கதிர் எதுவும் ஒட்டியிருக்காது.

• டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூடப் போங்க. கேள்விகளை முன்னாடியே நோட்டில் எழுதிக்கோங்க. பதட்டத்தில் பாதி காதில் ஏறாது. எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் தேதி வாரியா வைங்க.

• தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இருக்கான்னு முதல் நாளே பாருங்க. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கு. ஆஸ்பத்திரியில் சான்றிதழ் கேளுங்க.

• மனசு தாங்கலைன்னா, நோயாளியோ பார்த்துக்கிறவரோ யாராக இருந்தாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

• முடி கொட்டினால் "திரும்ப வளர்ந்திடும்" என்று சொல்வதற்கு முன்னாடி, கொட்டினதுக்கு அவங்க அழட்டும். பழநியில் விரும்பிக் கொடுக்கிற முடியும், கேட்காமல் போகிற முடியும் ஒன்று இல்லை.

• தோழிக்கோ உறவுக்கோ "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று அனுப்பிட்டு நிறுத்திடாதீங்க. அவங்க கேட்க மாட்டாங்க. "வியாழக்கிழமை கீமோவுக்கு நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்", "இந்த வாரம் பசங்களுக்கு டியூஷன் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்க. கேட்கும் வேலையையும் அவங்க தோளிலிருந்து எடுத்துடுங்க.

• ஏற்கெனவே இந்த வழியில் நடந்து வந்த ஒருத்தரோடு பேச வைங்க. பல பெரிய மருத்துவமனைகளில் அப்படி மீண்டவர்கள் புதிதாக வருகிறவர்களிடம் பேசுகிறார்கள். டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டால் சொல்வார்கள். நாம ஆயிரம் தைரியம் சொன்னாலும், "எனக்கும் இருந்துச்சு, இப்போ ஏழு வருஷம் ஆச்சு" என்ற ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

எல்லாருக்கும் குணமாகிவிடும் என்று நான் எழுத மாட்டேன். சிலருக்கு நோய் முற்றின நிலையில் தெரிய வரும். அவங்களுக்கும் வலியைக் குறைக்க, நாட்களை நல்ல நாட்களாக்க மருத்துவம் இருக்கு. அங்கேயும் மேலே சொன்ன மூன்று பதில்களும் மாறாது. நீங்க குற்றவாளி இல்லை. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டோம். தூக்க நாங்க இருக்கோம்.

இன்னைக்கு இதைப் படிக்கிற தங்கைகள், அக்காக்கள் இன்று இரவே அம்மாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "மார்புல கட்டி, தோல்ல சுருக்கம், காம்புல கசிவு, ஏதாவது வித்தியாசம் இருக்காம்மா?" தம்பிகள், அண்ணன்கள் கூச்சமா இருந்தா இந்தப் பதிவையே அம்மாவுக்கு அனுப்புங்க. அனுப்பிட்டு, "படிச்சியாம்மா?" என்று மறக்காமல் கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.